அன்புகூர்ந்து படிகளைப் பயன்படுத்தவும்

ரேடியோவில் பேசக் கூப்பிட்டால் எனக்குத் தலை கால் புரியாது. டி.வி. என்றால் சட்டை, வழுக்கை, தொப்பை என்று ஆயிரம் கவலை. ரேடியோவுக்கு அது எதுவும் வேண்டாம், குரல் போதும். குரலில் நான் ரொம்ப நல்லவன். மூன்று வாரம் முன்பு வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் சின்னதாக ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. சமயபுரம் தாண்டுவதற்குள் கரகரக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ஊருக்குள் அதற்கென்று ஒரு கூட்டம் உண்டு. தையல் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள்...

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அதில் ஒரு நேரலை. பெயர், ‘நாட்டு நடப்பும் நம்ம வீட்டு நடப்பும்’. பர்வீன் என்கிற பெண் நடத்துகிறார். முப்பது வயது இருக்கும். பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்த ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வார். விருந்தாளியை ஐந்து நிமிடம் பேச விடுவார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சரிங்க சார், இது நம்ம தெருவுல எங்க இருக்கு?"

கேட்டுவிட்டு போன் லைனைத் திறந்துவிடுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

கேட்க எளிதாக இருக்கிறதா? ஒரு புரொபசர் போய் நாட்டின் தண்ணீர்க் கொள்கையைப் பற்றி வெளுத்து வாங்கினார். முதல் போனிலேயே ஒரு அம்மா, "அதுக்கும் எங்க தெருவுல விடிகாலை நாலு மணிக்குத் தண்ணி விடறதுக்கும் என்னங்க சார் சம்பந்தம்?" என்று கேட்டார். மனிதர் தண்ணீர் குடித்தார். ஆனால் அரை மணி நேரத்தில் நேயர்களே ஆளுக்கொரு நுனியைப் பிடித்து, டில்லியையும் அந்தத் தெருக்குழாயையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டு ரசித்தேன். அடுத்தவர் மாட்டிக்கொள்ளும்போது ரசிப்பதற்கு என்ன?

நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் மேலும் குறை சொல்லலாம். ஆனால் ஆள் பெயர், கடைப் பெயர், கட்டடத்தின் பெயர் எதையும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாரமும் பர்வீன் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

மூன்று வாரம் முன்பு என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கத்திரி வெயிலில் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். விஷயம், செல்போன் ஆப் வழியாக வேலை பார்க்கும் டெலிவரி தொழிலாளர்கள். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, இன்சூரன்ஸ் என்றெல்லாம் நாடு முழுக்கப் பேச்சு நடக்கிறதே, அது.

எனக்குச் சொல்லவா வேண்டும்? ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எட்டு நிமிடம் பேசினேன். உழைப்பு, கண்ணியம், மனசாட்சி — மூன்று வார்த்தையும் இரண்டிரண்டு தடவையாவது வந்திருக்கும். முடிக்கும்போது, "என் வீட்டு வாசலுக்கு யார் டெலிவரிக்கு வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பொருளையே வாங்குவேன்" என்று ஒரு போடு போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இது நம்ம தெருவுல எங்க இருக்கு?" என்று பர்வீன் கேட்டார். போன் லைன் திறந்தது.

"வணக்கம்ங்க. உறையூர்லேர்ந்து லூர்துமேரி பேசுறேன்."

"வணக்கம்க்கா. என்ன வேலை பாக்கறீங்க?"

"செல்லுல ஆர்டர் வரும்ல, மளிகை சாமான். வண்டில கொண்டு போய்க் குடுக்கறதுங்க. ஒன்றரை வருசமாச் செய்யறேன். சார் சொன்னதெல்லாம் கேட்டேன். சட்டம் வரட்டும், இன்சூரன்ஸ் வரட்டும், நல்லதுதான். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். லிஃப்ட்டு."

"லிஃப்ட்டாக்கா?"

"ஆமாங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு அபார்ட்மென்ட்டு. பேர் சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லல. நாலு மாடி. லிஃப்ட்டு இருக்கு. ஆனா எங்களை மாதிரி ஆளுங்க ஏறக் கூடாதுன்னு ஒட்டியிருக்காங்க. அரிசிப் பையி, எண்ணெய் டின்னு எல்லாத்தையும் படியிலதான் தூக்கிட்டுப் போகணும். எனக்கு வலது முட்டி தேஞ்சு போச்சு. மெதுவாத்தான் ஏற முடியுது. அதுக்குள்ள அடுத்த ஆர்டர் லேட்டாயிருது. ரெண்டு தடவை அப்படி ஆயிருச்சு. இன்னொரு தடவை ஆனா ஐடியை நிறுத்திருவோம்னு மெசேஜ் வந்திருக்குங்க. ஐடி போனா வேலை போச்சு."

"அந்த நோட்டீஸ்ல என்னக்கா எழுதியிருக்கு?"

அந்த அம்மா ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். "பொருள்கள் கொண்டுவரும் அன்பர்கள் அன்புகூர்ந்து படிகளைப் பயன்படுத்தி ஒத்துழைக்க வேண்டுகிறோம். இப்படிக்கு, செயலாளர்." கொஞ்சம் சிரித்தார். "மனப்பாடமே ஆயிருச்சுங்க. ஏறி எறங்கிட்டு, கீழ நின்னு மூச்சு வாங்கறப்ப அதைத்தானே படிக்கிறது. ஆனா மரியாதையாத்தான் எழுதியிருக்காரு. அதுல குறை சொல்லக் கூடாது."

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். அந்தச் செயலாளரும் நான்தான்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அபார்ட்மென்ட் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. போன வருடம் யாரோ கேஸ் சிலிண்டர் ஏற்றும்போது லிஃப்ட் கதவில் நீளமாகக் கீறல் விழுந்தது. சங்கத் தலைவர் ரங்கராஜன் கொதித்துவிட்டார். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ‘டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது’ என்று ஒரு பேப்பரில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஆட்கள்’ என்பதா? ‘கூடாது’ என்பதா? மனிதர்களிடம் இப்படியா பேசுவது? பேனாவை எடுத்தேன். ‘ஆட்களை’ அடித்து ‘அன்பர்கள்’ ஆக்கினேன். ‘கூடாது’வை அடித்து ‘வேண்டுகிறோம்’ ஆக்கினேன். ‘அன்புகூர்ந்து’ சேர்த்தேன். ரங்கராஜன் படித்துப் பார்த்து, "எழுத்தாளர்னா எழுத்தாளர்தான் போங்கோ" என்றார். ஒரு அநியாயத்தைத் தடுத்து நிறுத்திய நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பாருங்கள், வாக்கியத்தைத் திருத்தினேன். விஷயத்தைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த நோட்டீஸ் பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்திருக்கும். யாராவது ஒருத்தர் சண்டை போட்டிருப்பார், நாலே நாளில் கிழிந்திருக்கும். என் தமிழ்தான் அதற்கு ஒரு வருடம் ஆயுள் கொடுத்தது.

ஸ்டூடியோவுக்கு வருகிறேன். பர்வீன் என்னைப் பார்த்தார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

நேரலை. சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். ‘அது என் அபார்ட்மென்ட்தான்மா, நான்தான் எழுதினேன், இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.’ சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். சொன்னேன் —

"அந்த அபார்ட்மென்ட்காரர்கள் வெட்கப்பட வேண்டும்!"

இதை எழுதும்போதுகூட விரல் கூசுகிறது.

லூர்துமேரி சொன்னார். "வெக்கமெல்லாம் எதுக்குங்க சார்... லிஃப்ட்டு விட்டாப் போதும்."

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தோம். "கடைசில ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க சார்" என்றார் பர்வீன். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் என் வாக்கியம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. படியில் ஏறலாம் என்று நினைத்தேன். வெயிலாக இருந்தது, லிஃப்டிலேயே போய்விட்டேன்.

கதவைத் திறந்த என் மனைவி மங்களத்தின் கையில் செல்போன். நிகழ்ச்சி முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, வெக்கப்படணும்னு சொன்னீங்களே, பட்டாச்சா?"

அன்று மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தம்மா எத்தனை தடவை எங்கள் மாடிக்கு வந்திருப்பார்? அன்றைக்கொரு நாள் வாசலில் ஒரு அம்மா வேர்த்து விறுவிறுத்து நின்றார். நான்கூட, "என்ன வெயில் இல்லம்மா?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருங்க சார்" என்றார். அவர்தானா இவர்? அந்த மூச்சிரைப்புக்கு வெயில் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்பது இப்போதுதான் உறைத்தது. படியில் ஏற வைத்ததும் நான், ஏறி வந்ததற்குத் தண்ணீர் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டதும் நான்.

சரி, பரிகாரம் செய்ய வேண்டாமா? செய்தேன். எப்படி? வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அபார்ட்மென்ட்டே உண்ட மயக்கத்தில் இருக்கும்போது கீழே இறங்கிப் போனேன். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. நோட்டீஸைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் போட்ட நோட்டீஸ். நான் செயலாளர். திருடன் மாதிரி எடுத்தேன். பிரச்னை தீர்ந்தது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ரங்கராஜன் மணி அடித்தார். முகம் மலர்ந்திருந்தது.

"யாரோ விஷமம் பண்ணி நோட்டீஸைக் கிழிச்சுட்டா. விடுவேனா? உங்க மேட்டரையே திரும்ப டைப் அடிச்சு, லேமினேட் பண்ணி ஒட்டிட்டேன். இனிமே மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது!"

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன்.

நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன். உள்ளே மங்களம் பாத்திரத்தை ‘டொம்’மென்று வைத்த சத்தம் கேட்டது.

அடுத்த புதன்கிழமை வந்தது. அந்த வார விஷயம், நாடு முழுக்க அடிக்கிற வெயில். ஏதோ ஒரு டாக்டர் மோர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பர்வீன் வழக்கம்போல, "இது நம்ம தெருவுல எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கள் தெருவில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கீழ்த்தளத்திலிருந்து நாலாவது மாடி வரைக்கும் இருக்கிறது.

போனை எடுத்தேன். லைன் பிஸி. மறுபடி பிஸி. கிடைக்காமலே போனால் நல்லது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மங்களம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கிடைத்துவிட்டது.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேன்..."

"சார், நீங்களா! போன வாரம் கெஸ்ட்டு, இந்த வாரம் நேயரா?"

"பர்வீன், போன வாரம் லிஃப்ட் பத்தி ஒரு அம்மா பேசினாங்கல்ல? அந்த அபார்ட்மென்ட் விஷயமா ஒரு பேர் சொல்லணும்மா."

"பேர் சொல்லக் கூடாது சார். ரூல் உங்களுக்கே தெரியுமே."

"என் பேர்தாம்மா."

பர்வீனின் குரல் மெதுவாக வந்தது. "அடுத்தவங்க பேரைத்தான் சார் சொல்லக் கூடாது. சொந்தப் பேரைச் சொல்லலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

சொன்னேன். என் பெயரைச் சொன்னேன், பதவியைச் சொன்னேன், அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். போன வாரம் மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரையோ சொல்வது போலச் சொன்னதையும் சொன்னேன். இந்தத் தடவை குரல் நிஜமாகவே தழுதழுத்தது. கேட்க நன்றாக இல்லை.

பத்தே நிமிடம்தான். ரங்கராஜன் போன் செய்துவிட்டார். "என்ன சார், நம்ம அபார்ட்மென்ட் மானத்தை இப்படி ஊர் பூரா ஒலிபரப்பிட்டேளே! எழுதினதே நீங்கதானே?"

"அதைத்தான் சார் ரேடியோல சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். லிஃப்ட் என்ன ஆவது, செக்யூரிட்டி என்ன ஆவது என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். சட்டம் வரப் போகிறது, கௌரவம், மனிதாபிமானம் என்றெல்லாம் நானும் ஆரம்பித்தேன். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் இரண்டாவது மாடி நர்ஸம்மா எழுந்து, "உறையூர்லேர்ந்து ஒரு பொம்பளை முட்டி வலியோட இங்க ஏறிட்டிருக்கா. அதுக்கு என்ன சொல்றீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நாட்டைப் பற்றிப் பேசும்போது ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது. அந்த ஒரு முட்டியைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் செல்போனை நோண்ட ஆரம்பித்தார்கள். பர்வீன் எதற்காக ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"சரி, ஏறட்டும். ஆனா மெதுவா ஏத்தணும் எறக்கணும்னு புதுசா ஒரு நோட்டீஸ், உங்க ஸ்டைல்ல..." என்று இழுத்தார் ரங்கராஜன். இந்த விஷயத்தில் இனி நான் ஒரு வரிகூட எழுதுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். லேமினேட் போட்ட நோட்டீஸை எல்லோர் முன்னாலும் நானே பிய்த்தேன். லேசில் வரவில்லை. நகம் உடைந்தது.

அப்புறம் எனக்கு ஒரே கவலை. அந்த அம்மாவின் ஐடி என்ன ஆயிற்று? நிறுத்திவிட்டார்களா? ரேடியோ நிலையத்துக்குப் போய் அவர் நம்பரைக் கேட்டேன். நேயர் நம்பரை யாருக்கும் தர மாட்டோம் என்றார் பர்வீன், என்னிடமும்தான். வேறு வழி? ஆப்பில் தினமும் ஒரு ஆர்டர் போட்டுக் கீழே போய் நிற்க ஆரம்பித்தேன். யார் யாரோ வந்தார்கள், லூர்துமேரி வரவில்லை. வீட்டில் இப்போது ஏழு பாக்கெட் கல் உப்பு இருக்கிறது.

போன சனிக்கிழமை ஐந்து கிலோ அரிசி கேட்டிருந்தேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு அம்மா இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராகப் படிக்கட்டுக்குப் போனார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். தண்ணீர் குடித்த அதே முகம்.

"லூர்துமேரியாம்மா? நாலாவது மாடி ஆர்டர் என்னுதுதான். லிஃப்ட்ல வாங்க."

திரும்பிச் சுவரைப் பார்த்தார். நோட்டீஸ் இருந்த இடத்தில் நாலு மூலையிலும் டேப் தடம் மட்டும் இருந்தது. "எடுத்துட்டாங்களா!" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தார். பையை நான் கேட்டேன், கொடுக்கவில்லை. இருவரும் லிஃப்டில் ஏறினோம்.

"ஐடி இருக்காம்மா?"

"இருக்குங்க சார். தப்பிச்சிருச்சு."

"நீங்க பேசினதுக்கு அடுத்த புதன்கிழமை ரேடியோ கேட்டீங்களா?"

"எங்கங்க... அன்னிக்குக் கையே ஒழியல. ஏன் சார்?"

ஆக, ஊரே கேட்டிருக்கிறது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். அன்னிக்கு ரேடியோல நீங்க தண்ணி குடுக்கறதைச் சொன்னீங்க பாருங்க, உடனே குரல் புரிஞ்சிருச்சு. அட, நம்ம சாரு! அதான் போன் போட்டேன். நீங்க இங்கதானே இருக்கீங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தச் செகரட்டரி கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டுட்டாரு பாருங்க! அவருக்கும் என் தேங்க்ஸைச் சொல்லிருங்க சார்."

இரண்டாவது மாடி தாண்டியது. மூன்றாவது தாண்டியது. எங்கள் லிஃப்ட் இவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

"அந்தச் செகரட்டரி நான்தாம்மா. அதை எழுதினதும் நான்தான்."

கதவு திறந்தது. ரேடியோவில் ஊருக்கே சொன்னவன், இதை அவர் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் பட்டனைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தேன். அவர் அரிசிப் பையை என் வாசல் ஓரமாக மெதுவாக இறக்கி வைத்தார். செல்போனில் ஏதோ அழுத்தினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருங்கம்மா, தண்ணி கொண்டு வரேன்" என்றேன்.

"வேணாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குத் திரும்பினார். "இன்னிக்கு மூச்சு வாங்கல."